ஷாம்பிள்ஸ் தெருவும் என் கறிக்கடையும்

நவம்பர் 2, ஞாயிறு

விடியற்காலை நாலு மணியிலிருந்து தூறல். தார்ப்பாய் இடது மூலையில் ஒழுகுகிறது. மூன்று ஆடு அறுத்தேன். பதினொரு மணிக்கெல்லாம் கட்டை காலி. இன்னும் ரெண்டு ஞாயிறு இப்படி ஓடும். பிறகு கார்த்திகை பிறந்துவிடும். பாதித் திண்டிவனம் மாலை போட்டுக்கொண்டு கறிக்கடைப் பக்கமே திரும்பாது.

லண்டன் புத்தகம் இன்னும் வரவில்லை. பன்னிரண்டு நாள் தாமதம்.

புது நோட்டு இது. அதனால் ஒரு தரம் எழுதி வைக்கிறேன். கறி கட்டப் பழைய பேப்பர் வாங்குவேன், எடைக்கு. ஒன்பது வருஷம் முன்னால் அந்தக் கட்டில் ஒரு வழவழப்பான புத்தகம் வந்தது. அட்டையில் கோட்டை, சுற்றி அகழி, பாசி பிடித்த பாலம். இங்கிலாந்துச் சரித்திரம், ஊர் சுற்றிப் பார்க்கிற விவரம், எல்லாம் படத்தோடு. அதில் மட்டும் கறி கட்ட மனசு வரவில்லை. பிளஸ் டூ வரைக்கும் படித்த இங்கிலீஷ். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆனது. மகள் ஜெனி போனில் அதைத் தேடிப் பிடித்து என் பெயருக்கு வருஷச் சந்தா போட்டுவிட்டாள். அன்றிலிருந்து தெருவில் நான் "லண்டன் கறிக்கடை". அந்தோணி என்று கூப்பிடுவது என் பெண்டாட்டி ஸ்டெல்லா மட்டும்தான், அதுவும் கோபம் வந்தால்.

சாயங்காலம் சாணைக்கல் தேய்ந்து போனது கவனித்தேன். புதுசு வாங்க வேண்டும்.

நவம்பர் 4, செவ்வாய்

வந்துவிட்டது!

தபால்காரன் கதிர் தூரத்திலிருந்தே பெல் அடித்துக்கொண்டு வந்தான். "அண்ணே, உன் மாமியார் ஊட்லேர்ந்து சீர் வந்துக்குது." கதிருக்கு முப்பத்திரண்டு வயசு. ஒலக்கூர் பக்கம் ஊர். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் அவன் நகர மாட்டான். சின்னக் கத்தியால் கீறினேன். ரெண்டு டீ. கறிக்கட்டையில் பழைய சாக்கை விரித்து அதன் மேல் புத்தகம். இந்த ஒன்பது வருஷத்தில் எனக்கு இதுதான் திருவிழா.

இந்த மாசம் யார்க். வடக்கே உள்ள பழைய பட்டணம், சுற்றிலும் மதில். மதில் வாசலில் அந்தக் காலத்தில் ராஜாவை எதிர்த்தவர்கள் தலையை ஈட்டியில் குத்தி நிறுத்துவார்களாம். உள்ளே ஒரு சந்து, பெயர் ஷாம்பிள்ஸ். முழுக்கக் கறிக்கடைகள்! மாடி எல்லாம் தெருவைப் பார்த்துச் சாய்ந்து, எதிர்வீட்டுக்காரனுக்கு ஜன்னலிலிருந்து கை கொடுக்கலாம். கடைக்குப் பின்னால் அறுப்பு, தெரு நடுவில் சரிவு, ரத்தத்தை அடித்து விடுவதற்கு. இப்போது அங்கே கறி கிடையாது. மிட்டாய்க் கடை, வேடிக்கை பார்க்க வருகிற கூட்டம். ஆனால் கறி தொங்கவிட்ட கொக்கி இன்னும் சுவரில் இருக்கிறது. படம் போட்டிருக்கிறான். என் கடைக் கொக்கி மாதிரியேதான், வளைவு மட்டும் கொஞ்சம் பெரிது.

ஷாம்பிள்ஸ் என்றால் அலங்கோலம் என்று டிக்ஷனரியில் போட்டிருக்கிறது. ஜெனி ஹாஸ்டல் ரூமை அப்படித்தான் சொல்லுவாள். ஆக, எங்கள் தொழில் போட்ட பிச்சை அந்த வார்த்தை.

அடுத்த கட்டுரை தலை வெட்டுகிறவர்களைப் பற்றி. ஒரு ராணியை வெட்ட பிரான்ஸிலிருந்து வாள்காரனை வரவழைத்தார்களாம். ஒரே வீச்சு. இன்னொரு வயசான சீமாட்டிக்கு வந்தவன் கற்றுக்குட்டி, தோளிலும் மண்டையிலும் கொத்தியிருக்கிறான். "கத்தி மொக்கையா இருந்திருக்கும்" என்றேன். கதிர் டீ புரை ஏறச் சிரித்தான். நானும்தான்.

அவனுக்குப் பிடித்தது வேறு பக்கம். கடலோரத் தீவு ஒன்று. போகிற ரோட்டைத் தினம் ரெண்டு தரம் கடல் மூடிவிடும். நேரம் தெரியாமல் கார் ஓட்டி வருகிறவன் நடுவில் மாட்டிக்கொள்வான். அவனுக்காக ரோட்டோரம் உயரக் கால் நட்டு ஒரு சின்ன மரக்கூண்டு, ஏணியோடு.

"அதுல ஏறி குந்திக்கினு கடல் எறங்கற வரிக்கும் பாத்துக்கினே இருக்கணும்ணே" என்றான். "நானும் நித்யாவும்."

நித்யா அவன் பெண்டாட்டி. ஏழு மாசக் கர்ப்பம். கட்டிக்கொண்டு ஒன்றரை வருஷம். அவள் வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. வேற ஆளுங்க, நிலம் வைத்திருப்பவர்கள். போகும்போது சொன்னான்: "ஞாயித்துக்கிழமை உன்னாண்ட ஈரல் வாங்கறானே சங்கரு, அவன்தான் என் மச்சான். நாலு நாளா பைக்ல பின்னாலயே வந்துக்கினு இருக்கான். பேஜாருதான்."

எனக்குத் தெரியாது. நாலு வருஷ வாடிக்கை, சங்கர். மயிலம் பக்கம் ஊர், மல்லாட்டை, வேர்க்கடலைதான், பயிரிடுகிற குடும்பம். மரியாதையான பையன். எலும்பு கூடுதலாக வந்தாலும் ஒரு வார்த்தை பேச மாட்டான்.

நவம்பர் 6, வியாழன்

மழை விட்டது. விழுப்புரம் போய் ஆடு பிடித்தேன். நாலு. பஸ்ஸில் ஷாம்பிள்ஸ் பக்கம் மறுபடியும்.

போக வேண்டிய இடங்கள் (மாற்றி எழுதியது):
யார்க், முதலில்.
கடல் மூடும் தீவு.
ரோமாபுரிக்காரன் கட்டின நீளச் சுவர், ஒரு நாள் நடை.
லண்டன் கோபுரச் சிறை, காக்கா வளர்க்கிறார்களாம்.
எடின்பரோ, மலை மேல் கோட்டை. மழை பெய்யும்போது.

பாஸ்போர்ட் இல்லை. அது கிடக்கட்டும்.

கதிர் வந்தான். நித்யாவுக்கு முதுகு வலி, ஆட்டுக்கால் சூப்பு கொடுக்கச் சொன்னார்களாம். "ஞாயித்துக்கிழமை காலையிலயே வா, நல்ல காலா எடுத்து வெக்கறேன்" என்றேன்.

(பிறகு சேர்த்தது: ஞாயிறு வரச் சொன்னது நான்தான்.)

நவம்பர் 9, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. எழுதினால்தான் வரும்.

ஒன்பது மணி இருக்கும். கடையில் ஆறேழு பேர். சங்கர் முன்னால் நின்றான். ஈரலும் தலைக்கறியும், வழக்கம் போல. ஈரலை எடுத்துக் கையில் வைத்திருந்தேன். கதிர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். யூனிபாரம் இல்லை, நீலச் சட்டை. சங்கரைப் பார்த்ததும் நின்றான். திரும்பிப் போயிருக்கலாம். என்னைப் பார்த்துச் சிரித்தான், "அண்ணே, கால் எடுத்து வெச்சியா" என்று.

சங்கர் கத்தவில்லை. சாதாரணமாகக் கேட்டான்: "யாருக்குடா காலு? எங்க ஊட்டுப் பொண்ணுக்கா?"

"என் பொண்டாட்டிக்கு" என்றான் கதிர்.

கட்டை மேல் சின்னக் கத்தி. நேற்று அரை மணி நேரம் தீட்டினது, புதுக் கல்லில். சங்கர் அதை எடுத்தான். கதிர் வலது கையைத் தூக்கினான். முதல் வெட்டு அந்தக் கையில். விரல் போனது. ரெண்டாவது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில். நான் ஈரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரெண்டு வெட்டு விழுகிற வரைக்கும் நின்றேன். தினமும் கழுத்து அறுக்கிறவன். ரத்தம் பார்க்காதவனா? அசையவே இல்லை என் கால்.

கதிர் குப்புற விழுந்தான். மூன்றாவது வெட்டு முதுகில், சட்டையோடு. நாலாவதுக்கு ஓங்கினான். மூன்றாவது விழும்போது ஈரலைப் போட்டுவிட்டுத் தேடின வெட்டுக்கத்தி அப்போதுதான் என் கைக்கு வந்தது. பெரிசு, எலும்பு உடைக்கிறது. அவன் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு உடைகிற சத்தம் எனக்குத் தெரியாததா. சின்னக் கத்தி விழுந்தது. கை தொங்கியது. சங்கர் அப்படியே சேற்றில் உட்கார்ந்தான். என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்:

"அண்ணே, நீயா?"

அதற்குள் கூட்டம் ஓடிவிட்டது. பக்கத்து மீன்கடை அக்காதான் ஓடி வந்து புடவைத் தலைப்பைச் சுருட்டிக் கழுத்தில் அழுத்தினாள். "ஆட்டோ, ஜல்தி!" என்று கத்தினாள். ரெண்டு விரலை நான் பொறுக்கினேன். ஒன்று கட்டைக்கு அடியில், ஒன்று ஆட்டுத் தலைக்குப் பக்கத்தில். ஐஸ் போட்டுப் பையில் கட்டிக் கொடுத்தாள். இங்கே முதலுதவி, அங்கிருந்து விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரி. ஆம்புலன்ஸில் நானும். வழியெல்லாம் கதிர் என் சட்டையைப் பிடித்திருந்தான், இடது கையால்.

விரலை ஒட்ட முடியவில்லை. உயிர் இருக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

மழை. இன்ஸ்பெக்டர் ரெண்டு கத்தியையும் துணியில் சுற்றி எடுத்துப் போனார். சங்கர் போலீஸ் காவலில், கையில் கட்டோடு.

என் வாக்குமூலம் எழுதினார்கள். "மேலும் வெட்டாமல் தடுக்கும் நோக்கில், கத்தியின் முதுகுப் பக்கத்தால் தாக்கினேன்." படித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. முதுகுப் பக்கம் என்பது பட்டபோது. ஓங்கினபோது வாய்ப் பக்கம், கூர்தான் கீழே இருந்தது. அந்தக் கையைத் துண்டாக எடுக்கணும் என்றுதான் ஓங்கினேன். நடுவில் என் உள்ளங்கை ஈரத்தில் வழுக்கி பிடி திரும்பிவிட்டது. ஈரல் பிடித்த கை.

புத்தகத்தை எடுத்தேன். தலை வெட்டுகிற கட்டுரை விரிந்தது. நான் சிரித்த பக்கம். மூடிவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

விழுப்புரம். கதிர் இன்னும் தூக்க மருந்தில். கழுத்தில் கட்டு, முதுகில் முப்பத்தேழு தையல். நித்யா வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. சின்னப் பெண். அழவில்லை.

"அண்ணே, எங்கண்ணன் கை போயிடுச்சா?"

"ஒடிஞ்சிருக்குது. கட்டு போட்டிருக்காங்க."

"போயிருக்கணும்" என்றாள்.

கேண்டீனில் இட்லி வாங்கிக் கொடுத்தேன். நாலையும் சாப்பிட்டாள். ஜெனி நர்சிங் படிப்பது இங்கேதான், காலேஜ் முடிந்து வந்து கூட இருக்கிறாள். "அப்பா, நீ போய்த் தூங்கு, கண்ணு செவந்து கெடக்குது" என்றாள்.

நவம்பர் 15, சனி

வெயில். கடையைக் கழுவித் திறந்தேன். வாடிக்கை யாரும் வரவில்லை. வந்தவர்கள் இடத்தை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் சங்கரின் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கூட ரெண்டு பேர். நாற்காலி போட்டேன். ஸ்டெல்லா தண்ணீர் கொடுத்தாள், குடிக்கவில்லை.

"நீ நல்லவன்னு சொல்றாங்க. வெளிநாட்டுப் புத்தகம்லாம் படிக்கிறியாமே."

"ஆமாங்க."

"கத்திய மொதல்ல எடுத்தது அந்தத் தபால்காரன். புடுங்கப் போயி தகராறுல பட்டுச்சு. அப்பிடித்தான் நடந்துச்சு. நீ அப்பிடித்தான பாத்த?"

"இல்லீங்க. சங்கருதான் எடுத்தாரு."

அவர் சிரித்தார். "எம்மவன் கையி ரெண்டு எடத்துல ஒடிஞ்சிருக்குது. கறிக்கடைக்காரன் வெட்ட வந்தான்னு நாங்களும் எழுதிக் குடுத்துட்டோம். கொல முயற்சி. நீ ஒழுங்கா சொன்னா அத வாபஸ் வாங்கிக்கறோம். இல்லன்னா நீயும் அவனாண்டயே உள்ள குந்து. பொண்ணு விழுப்புரத்துல படிக்குது போல?"

கடைசி வார்த்தையைச் சொன்ன பிறகுதான் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

அவர்கள் போனதும் ஸ்டெல்லா கதவைத் தாழ்போட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள். "நமக்கு எதுக்குய்யா இது. ஒண்ணும் தெரியலன்னு சொல்லிட்டு வா. கூட்டமா இருந்துச்சி, பாக்கலன்னு சொல்லு."

"ரெண்டு வெட்டு வரிக்கும் நின்னு பாத்தேன் ஸ்டெல்லா."

"அதான் சொல்றேன். இன்னும் கொஞ்ச நேரம் நின்ன மாதிரி இருந்துடு."

அவள் மேல் கோபம் வந்தது. பிறகு பார்த்தால், அது எனக்கே தோன்றியதுதான்.

நவம்பர் 18, செவ்வாய்

இதை எழுதவே கூசுகிறது.

காலை ஐந்தரை. தீவனம் வைக்கக் கொல்லைப் பக்கம் போனேன். கொட்டகைக் கதவு பெயர்ந்து கிடந்தது. உள்ளே விற்காமல் நின்ற நாலு ஆடு. எல்லாவற்றுக்கும் முன்னங்கால் ரெண்டையும் முட்டியோடு வெட்டியிருக்கிறார்கள். கழுத்தைத் தொடவில்லை. நாலும் உயிரோடு. வாயில் துணி திணித்திருந்தது, சத்தம் கேட்கக் கூடாதென்று. துணியை எடுத்ததும் ஒன்று என்னைப் பார்த்துக் கத்தியது. மற்றது எழுந்திருக்கப் பார்த்தது, இல்லாத காலை ஊன்றி.

இருபத்தாறு வருஷமாக அறுக்கிறேன். ஒரு ஆட்டைக் கூட இன்னொரு ஆடு பார்க்க அறுத்ததில்லை. தண்ணீர் காட்டுவேன். தடவிக் கொடுப்பேன். ஒரே இழுப்பு. இதைச் செய்தவன் கால் வெட்டிவிட்டு நின்று பார்த்திருப்பான். சங்கர் கையைத் துண்டாக்க நான் ஓங்கின ஓங்கல் எதுவோ, இதுவும் அதே ரகம்தான். கத்தியை எடுத்து வந்தேன்.

நாலையும் முடித்து வைத்தேன். கறியை விற்கவில்லை. குழி தோண்டினேன்.

திரும்பி வந்தால் வெட்டின கால் எட்டும் இல்லை. ஸ்டெல்லாவும் இல்லை.

ஒன்பது மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். புடவை முழுக்க ரத்தம். மயிலம் பக்கம் வரைக்கும் போய் அந்தப் பெரியப்பா வீட்டு வாசலில், போட்டிருந்த கோலத்தின் மேல் சாக்கைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

"இன்னா சொன்ன?"

"எட்டு காலு இருக்குது, எல்லாரும் சூப்பு வெச்சிக் குடிங்கன்னு சொன்னேன். ஊரே வந்து நின்னு பாத்துச்சி. எம்பொண்ணு பேர எவனாச்சும் எடுத்தா அடுத்தது மனுசக் காலுன்னேன்."

"ஆட்டோக்காரன்?"

"அவன் அழுதுட்டான்யா."

குளிக்கப் போனவள் கதவுக்கு உள்ளேயிருந்து சொன்னாள்: "நீ போய் சொல்லிட்டு வா. பாத்தத சொல்லு."

போலீஸில் ஆட்டுக்கும் ஒரு புகார். இன்ஸ்பெக்டர் வந்து கொட்டகையையும் குழியையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். ஜெனி ஹாஸ்டலுக்கு ரெண்டு பெண் போலீஸ் அனுப்பியிருக்கிறார்.

நவம்பர் 22, சனி

மேகமூட்டம். அடுத்த மாசப் புத்தகம் சீக்கிரமே வந்துவிட்டது. கதிருக்குப் பதிலாக வருகிற பெண் கொண்டுவந்தாள். உறையைப் பிரிக்கவில்லை. பையில் போட்டுக்கொண்டு விழுப்புரம் பஸ்.

கதிர் உட்கார்ந்திருந்தான்! முகம் பாதியாகிவிட்டது. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருக்கின்றன. உறையைப் பார்த்ததும், "குடு" என்றான். இடது கையால் பிடித்துப் பல்லால் கடித்து இழுத்தான். நித்யா, "கழுத்து, கழுத்து" என்று கத்தினாள். கிழித்தே விட்டான்.

ஸ்காட்லாந்து. ஏரி, பனி, பாதிக் கோட்டை தண்ணீரில் நிற்கிறது. சண்டைப் பக்கங்களைத் தள்ளினேன். தள்ளும்போதே பிடித்துவிட்டான்.

"அத ஏன் தாண்டற?"

"வேணாம் கதிரு."

"படிணே. வெட்டு வாங்கனவன் நானு. எனக்கே ஒண்ணும் இல்ல."

படித்தேன். மலைக்காட்டில் விருந்துக்கு வந்தவர்களே விருந்து வைத்த வீட்டாரை விடியலில் வெட்டின கதை. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னான். பக்கத்துப் படுக்கையில் பைக்கில் விழுந்த ஆள் ஒருவர், அவரும் தலையைத் திருப்பிக் கேட்டார். "அப்புறம்?" என்றார். பனியில் ஓடித் தப்பினவர்களும் வழியில் விறைத்துச் செத்தார்கள் என்றேன். "அடப்பாவிங்களா" என்றார். நர்ஸ் வந்து சத்தம் போட்டாள். பிறகு ரயில் பக்கம். மலைப்பாலத்தில் வளைந்து போகிற புகை ரயில். அதை மூன்று தரம் பார்த்தான்.

"சோத்துக் கையில மூணு விரலு போதும்ணே, தபால் பிரிக்க" என்றான் கிளம்பும்போது. சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

சந்தோஷமாக இருந்தேன் இன்று. ரெண்டு மணி நேரம். அதையும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 28, வெள்ளி

பலத்த காற்று. பஸ் கண்ணாடி எல்லாம் மூடி, புழுக்கம். விழுப்புரம் கோர்ட். நீதிபதி முன்னால் வாக்குமூலம். ஸ்டெல்லா கூட வந்தாள்.

எனக்காக வந்த வக்கீல் தாழ்வாரத்தில் சொல்லிக் கொடுத்தார்: "கத்தி முதுகுப் பக்கத்தாலதான் அடிச்சேன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்த வேணாம். அவங்க குடுத்த புகாருக்கு அதான் பதிலு."

சங்கரை வேறு விசாரணைக்குக் கூட்டி வந்திருந்தார்கள். கையில் மாவுக்கட்டு. போலீஸ்காரர் பக்கத்தில். தாழ்வாரத்தில் நேருக்கு நேர். தாடி வளர்ந்திருந்தது. நான் பேசுவேன் என்று நினைக்கவில்லை.

"ஆட்ட யாரு வெட்டனது சங்கரு?"

"நான் உள்ள இருந்தேண்ணே. சத்தியமா தெரியாது." பிறகு தரையைப் பார்த்துக் கேட்டான். "எந்தங்கச்சி எப்பிடிக்கீறா?"

"உன் கை போயிருக்கணும்னு சொன்னா."

அவன் வாய் கோணியது. அழுகையா, என்னவென்று தெரியவில்லை. இழுத்துப் போனார்கள்.

நீதிபதி பெண். கண்ணாடி போட்டவர். அறையில் அவரும் எழுதுகிறவரும் நானும் மட்டும். யாராவது மிரட்டிச் சொல்லச் சொன்னார்களா என்று கேட்டார். பெரியப்பா வந்ததைச் சொன்னேன். ஆட்டுக்கால் விஷயமும் சொன்னேன். ஒன்பதாம் தேதி நடந்ததை முதலிலிருந்து சொன்னேன், ரெண்டு வெட்டு வரைக்கும் சும்மா நின்றதையும்.

"கத்தியின் எந்தப் பக்கத்தால் அடித்தீர்கள்?"

"பட்டது முதுகுப் பக்கம்மா."

எழுதுகிறவர் எழுதினார். அதோடு விட்டிருக்கலாம். வக்கீல் சொன்னது காதில் இருந்தது. ஆனால் இந்த ஆள் சொல்வது உண்மைதான் என்று கதிருக்காக அவர்கள் நம்ப வேண்டும். பாதி பொய்யை வைத்துக்கொண்டு மீதியை எப்படி நம்பச் சொல்வது.

"ஓங்கனது வாய்ப் பக்கம்மா. அவன் கையைத் துண்டா எடுக்கணும்னுதான் ஓங்கினேன். கை வழுக்கித் திரும்பிடுச்சி."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "இது உங்களுக்கு எதிராகப் போகலாம். புரிகிறதா?"

"புரியுதும்மா."

"எழுதிக்கொள்ளட்டுமா?"

"எழுதிக்குங்கம்மா" என்றேன்.